நான்கு மெரூன் கோடுகளும் பன்னிரண்டு கிலோமீட்டரும்

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வருடம் 1989. செவ்வாய்க்கிழமை காலை 5.40க்கு மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் புல்லட்டை உதைத்தேன். இரண்டாவது உதையிலேயே கிளம்பிவிட்டது. பனிக்காலத்தில் அது எனக்குக் காட்டும் பெரிய மரியாதை அது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி தேவகி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து பெட்ரோல் டேங்கைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கலர். இதே மெரூன். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் நான் பின்னால ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

மாசியில் நாங்கள் இருவரும் இந்த வண்டியில் கன்னியாகுமரி போய், அங்கிருந்து மேற்குக் கடற்கரையோரமாகக் கோவா வரை போவதாக ஏற்பாடு. அதற்காக ராஜபாளையத்தில் ஒரு ஃபைபர் பட்டறையில் சில உறுப்புகள் செய்யச் சொல்லியிருந்தேன். முகப்பு விளக்கைச் சுற்றி நின்று எதிர்காற்றைத் தடுக்கும் ஃபேரிங் ஒன்று, கால்களுக்கு முன்னால் இரண்டு மறைப்பு, பின்னால் இரண்டு பக்கப் பெட்டி. வார்ப்பு முடிந்துவிட்டது, கலர் சொல்ல வாருங்கள் என்று பட்டறையிலிருந்து கார்டு வந்திருந்தது. கலர் பார்க்க தேவகியும் வருவதாகத்தான் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிட்டது. கணக்கு வாத்தியார் ஒரு நாள் வராவிட்டால் யாரும் அழப் போவதில்லை.

வாசகரிடம் இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. மெரூன், கரும்பச்சை, காப்பிக்கொட்டை நிறம் மூன்றும் என் கண்ணுக்கு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இருபத்தொரு வயதில் ரயில்வே வேலைக்குப் போனபோது ஒரு டாக்டர் புள்ளி புள்ளியாக இருந்த புத்தகத்தை விரித்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு ஓர் எண்ணும் தெரியவில்லை. வேலை போயிற்று. கண்ணில் குறை என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான் என்று அம்மா பயந்து, பரீட்சையில் தேறவில்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எங்கள் கல்யாணத்தில் ஒரே ஒரு பொய்தான். அதற்கும் ஒன்பது வயது ஆகிவிட்டது. கடையில் துணி எடுக்கும்போதெல்லாம் "உன் இஷ்டம்" என்று தப்பித்து வந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தனியாகப் போகிறேன். தப்பான நிறத்தோடு திரும்பினால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

திருமங்கலம் தாண்டும்போது விடிந்தது. டி. கல்லுப்பட்டியில் பனி விலகியது. கிருஷ்ணன்கோவிலில் ஒரு டீ குடித்தேன், அறுபது பைசா. அங்கிருந்து வலது பக்கம் மேற்கு மலை கூடவே வர ஆரம்பிக்கிறது. அதன் நீலம் எனக்கு முழுதாகத் தெரியும். அதில் எவனும் என்னை மிஞ்ச முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் நாலைந்து மைலுக்கு முன்பே தலையைக் காட்டியது. பார்த்துக்கொண்டே ஊரைக் கடந்து, 8.05க்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தினேன். வீட்டிலிருந்து 86 கிலோமீட்டர்.

பட்டறை ஒரு நூற்பாலைக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. மில் இயந்திரங்களுக்கு ஃபைபர் மூடி செய்வதுதான் அவர்கள் பிழைப்பு. வண்டி வேலை ஆசைக்குச் செய்வது. வாசலில் அந்த ஊர் நாய் ஒன்று படுத்திருந்தது. வெள்ளை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டறை முதலாளி என் உறுப்புகளை எடுத்துக் காட்டினார். சாம்பல் பிரைமர் அடித்து, ஒரு பள்ளம் மேடு இல்லாமல், முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தன. ஃபேரிங்குக்கு அங்கே "மூஞ்சி" என்று பெயர். பிறகு அவர், இனி எல்லாம் பெயிண்டர் பாடு என்று சஞ்சீவியிடம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சஞ்சீவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பெயிண்டிடம் மட்டும் இரண்டிலும் இல்லாத ஒரு முனகல். கலர் அட்டை எங்கே என்று கேட்டேன். அந்தப் பழக்கமே இல்லை என்றார். டேங்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குனிந்து, நிமிர்ந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்து பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. பிறகு சிவப்பில் கொஞ்சம் கறுப்பு, ஒரு சொட்டு நீலம், குச்சி நுனியில் மஞ்சள் என்று டப்பாவில் சேர்த்துக் கலக்கினார். வடிகட்ட அவர் பயன்படுத்தியது அந்த வட்டாரத்தில் நெய்யும் பேண்டேஜ் துணி. நாட்டில் காயத்துக்குக் கட்டப்போகும் துணியில் இங்கே மெரூன் வடிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால், தகரத் துண்டில் தடவி, ஊதிக் காயவைத்து, டேங்கோடு வைத்துப் பார்த்து, மறுபடி கலக்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பார்க்க அலுக்கவில்லை. தன் கையை அப்படி நம்பும் மனிதரைப் பக்கத்திலிருந்து பார்ப்பது ஒரு சுகம்.

பிறகு ஃபேரிங்கை வண்டியில் நாலு போல்ட்டில் பூட்டி, அதன் நெற்றியில் வண்டியின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக நாலு பட்டைக் கோடுகள் அடித்தார். ஒவ்வொன்றின் கீழும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார். எது என்று அங்கேயே கேட்டுவிடுவார் என்று பயந்தேன். அவரோ சாவியை என் கையில் கொடுத்தார்.

"பட்டறை நெழல்ல எல்லாக் கலரும் நல்லாத்தான் இருக்கும் சார். அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாங்க. தேரடியில வெயில்ல நிறுத்திப் பாருங்க, பொறவு மரத்து நெழல்ல பாருங்க. வந்து நம்பரச் சொல்லுங்க, போதும்."

மில் முதலாளி மகன் வந்தாலும் இதேதானாம். நின்ற இடத்தில் கலர் சொல்பவருக்கு அவர் பெயிண்ட் அடிப்பதில்லை. ஓடுகிற வண்டிக்கு ஓட்டிப் பார்த்துத்தான் கலர் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மதுரையில் ஒருவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு சமயமாக இருந்தால் கொண்டாடியிருப்பேன்.

10.15க்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கையை நீட்டினார். சேத்தூர்க்காரர், விவசாயி. பஸ்ஸில் ராஜபாளையம் வந்து அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பதினொரு மணிக்கு வாய்தா. வரப்பு வழக்கு, எதிராளி சொந்தச் சித்தப்பா மகன். ஏறியதிலிருந்து வழக்கைச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் புளியமரங்கள், இடையிடையே பருத்திக்காடு, இடது கைப் பக்கம் மலை. வன்னியம்பட்டி விலக்கில் நிழல் பார்த்து நிறுத்தி, டேங்கோடு ஒத்துப்போகிற கோடு எது என்று அவரைக் கேட்டேன். இறங்கி, வண்டியின் இடது பக்கமாக நின்று பார்த்தார்.

"ரெண்டாவதுதான் அண்ணாச்சி. சந்தேகமே இல்ல" என்றார். வழக்கிலும் அவருக்கு அப்படித்தான் சந்தேகமே இல்லை.

கோர்ட் வாசலில் அவரை இறக்கிவிட்டு, 10.50க்குத் தேரடிக்குப் போனேன். பட்டறையிலிருந்து சரியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர். உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலில் வண்டியை நிறுத்தி, எதிரே நின்று நானும் பார்த்தேன். ஒன்றாவது கொஞ்சம் இருட்டோ என்று ஓர் ஐயம். மற்றபடி நாலும் எனக்கு ஒன்றுதான். எனக்குக் கண்ணில் உறுத்தியது வேறு. டேங்கின் இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் எப்போதுமே தனியாகத் தெரியும். வெயிலில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இந்த வண்டியைச் செகண்ட்ஹேண்டாக வாங்கி நாலு வருடமாக அதைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிகிறது, யாரும் பொருட்படுத்தவில்லை என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

வண்டியின் வலது பக்கம், ஒரு நடுவயதுப் பெண் பூக்கட்டிக்கொண்டிருந்தார். ஆண்டாளுக்கு மாலை போகிற ஊரில் பூக்காரிக்கு இல்லாத கண்ணா என்று அவரிடம் போனேன். ஒரு முழம் கதம்பம் வாங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நாரை விடாமலே தலையை மட்டும் தூக்கினார்.

"நாலு" என்றார். பிறகு, "ஏன், நீங்க பாக்கலயா?"

கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். நான் கண்ணாடி போடுகிறவனே இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்க்குச் சோறு போட வேண்டியிருக்கிறது.

ஒருவர் இரண்டு என்கிறார், ஒருவர் நாலு என்கிறார். பால்கோவாக் கடையில் கால் கிலோ வாங்கிக்கொண்டு கடைக்காரரையும் வெளியே அழைத்து வந்தேன். அவர் இரண்டு என்றார். கணக்கு வாத்தியாருக்கு அது போதும். மூன்றில் இரண்டு, பெரும்பான்மை. வாங்கிய பால்கோவாவில் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டேன். அடுப்பில் நின்றவன் பொறுமை அவ்வளவும் அதில் இருந்தது. மனம் லேசாகி, மதியம் 12.10க்குப் பட்டறைக்குத் திரும்பினேன்.

இரண்டு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கலைஞர் முன்னால் ரசிகனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். நாலாம் நம்பர் எப்படி என்று சஞ்சீவி கேட்டதும், "நாலு ஆகவே ஆகாது. நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது" என்று தலையை ஆட்டிச் சொன்னேன்.

சஞ்சீவி கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் நாலும் ஒரே டப்பா சார்" என்றார்.

அதுதான் அவர் வழக்கமாம். நாலு கோட்டில் இரண்டை ஒரே பெயிண்டில் அடித்துவிடுவார். ரெண்டும் ஒண்ணுதானே என்று திரும்பி வந்து சொல்கிறவர் சொல்லும் கலரை அப்படியே அடிப்பார். அப்படிச் சொல்லாதவர் ஏதோ ஒன்றைச் சொல்லிவைக்கிறார் என்று புரிந்துகொண்டு, தானே முடிவு பண்ணிவிடுவார். ஆனால் ஒரே பெயிண்டில் ஒன்றைப் புகழ்ந்து மற்றதைத் திட்டிய ஆள் நான்தான் முதல் என்றார். சேத்தூர்க்காரர் சொன்னதும் சரி, பூக்காரம்மா சொன்னதும் சரி. அவரவர் நின்ற பக்கத்தில் எது கிட்டே இருந்ததோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். தப்பு என் பெரும்பான்மையில்தான்.

எனக்கு முகம் எரிந்தது. மானத்தைக் காப்பாற்ற வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "கோட்டை விடுங்கள். டேங்கே ஒரே கலராக இல்லையே. இடது பக்கம் இந்த இடம் வேறாகத்தானே இருக்கிறது" என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

சஞ்சீவி குனிந்து பார்த்தார். வெயிலில் தள்ளிப் பார்த்தார், நிழலில் தள்ளிப் பார்த்தார். காலையில் ஒரு மணி நேரம் பார்த்த டேங்க். ஒரு வித்தியாசமும் இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து வந்தார். பெயிண்டுக்கு அடியில் தகரமா, பட்டியா என்று பார்க்க அவர்கள் வைத்திருப்பது அது. பள்ளம் நிரப்பிப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. டேங்கின் மேலே வைத்தார், ஒட்டியது. வலது பக்கம் ஒட்டியது. நான் வட்டம் போட்ட இடத்தில் வைத்தார். வழுக்கி அவர் கையிலேயே விழுந்தது.

மூன்று தடவை வைத்துப் பார்த்தார். காந்தம் விழுகிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். என் விரல் போட்ட வட்டமும் அதுவும் ஒன்றாக இருந்தன. எப்போதோ எங்கோ அடிபட்ட டேங்க். யாரோ ஒரு பெயிண்டர் பள்ளத்தை மூடி, அதே கலரைக் கலந்து அடித்து, உலகத்தின் கண்ணை ஏமாற்றியிருக்கிறார். எனக்கு விற்றவரும் அதைச் சொல்லவில்லை.

"எம்புட்டுப் பெரிய கை" என்றார் சஞ்சீவி, முகம் தெரியாத அந்தப் பெயிண்டரைப் பற்றி. பிறகு என்னைப் பார்த்து, "எங்க எல்லார் கண்ணையும் ஏமாத்துன கையி, ஒங்க கண்ண ஏமாத்த முடியல பாருங்க" என்றார்.

என் கண்ணைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டின்னில் உட்கார்ந்து, புள்ளிப் புத்தகம் முதல் தேவகி டேங்கைத் தொட்டுக் காட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். புத்தி எதுவும் சொல்லவில்லை. வீட்டில் அவியளுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். வெளிப்பக்கம் தன் பொறுப்பு, வீட்டம்மாவுக்குக் குறை வராது என்றார். பிறகு ஃபேரிங்கைக் கழற்றித் திருப்பி, அதன் உள்பக்கத்தைக் காட்டினார். ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே இருக்கும் பக்கம் அது. வழக்கமாக அதற்குக் கறுப்பு அடித்துவிடுவார்களாம்.

"இதப் பாக்கப் போறது நீங்க ஒருத்தர்தான். ஒங்களுக்கு நல்லாத் தெரியுற கலர் எது?"

பட்டறைக்குப் பின்னால் அழைத்துப்போய் மேற்கு மலையைக் காட்டினேன். மணி மூன்று. சூரியன் மலைப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் டப்பாவில் நீலம் ஊற்றிக் கலக்கித் தகரத்தில் தடவிக் காட்டினார். கொஞ்சம் வெள்ளை வேண்டும் என்றேன். ஊற்றினார். அதிகமாகிவிட்டது, இருட்டு வேண்டும் என்றேன். ஒரு சொட்டு கறுப்பு. ஐந்தாவது தகரத்தை மலைக்கு நேரே பிடித்தபோது விளிம்பு எங்கே என்று தெரியவில்லை. "இதுதான்" என்றேன். நிறத்தைப் பற்றி நான் தயங்காமல் பேசிய முதல் வார்த்தை அது. அவரும் மறுபேச்சுப் பேசாமல் ஸ்பிரே கன்னில் ஊற்றினார். இந்தத் தடவை கோடு போட்டுச் சோதிக்கவில்லை.

கடைசியில் ஒன்று சொன்னார். வீட்டில் கேள்வி வரும் என்று தயக்கமாக இருந்தால் மேலே கறுப்பு அடித்துத் தருகிறேன், ஐந்து நிமிட வேலை என்றார். கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் கொஞ்சம் யோசித்தேன். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

வெளிப்பக்கமெல்லாம் மெரூன் ஏறிக் காய்ந்து, எல்லாவற்றையும் வண்டியில் பூட்டி முடிக்க மணி ஐந்து ஆகிவிட்டது. 5.10க்கு ராஜபாளையத்திலிருந்து புறப்பட்டேன். வழக்கமாக ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது அங்கே பார்த்ததை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்கு ஊர் மொத்தமும் ஒரு பெயிண்டரின் கையளவுக்குச் சுருங்கிவிட்டது. வரும்போது வலது பக்கம் வந்த மலை, போகும்போது இடது பக்கம் வந்தது. கண்ணுக்கு நேரேயும் ஒரு மலை இருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டி மலை இருட்டோடு போய்விட்டது. என் முன்னால் இருந்தது மட்டும் மீட்டர் விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரை வந்தது.

7.20க்கு வீடு. தேவகி டார்ச் லைட்டோடு வெளியே வந்தாள். மூஞ்சி, கால் மறைப்பு, பெட்டி என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்து, டேங்கோடு சேர்த்துப் பார்த்தாள். கம்பெனியில் இருந்தே இப்படி வந்தது போல இருக்கிறது என்றாள். பெட்டிக்குள் பால்கோவாவும் கதம்பமும் இருப்பதைச் சொன்னேன். அதை எடுக்கச் சுற்றி வந்தவள் ஃபேரிங்கின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு எடுத்த கலரு?"

"நான்தான்" என்றேன். அங்கேயே, வாசலிலேயே, வண்டியைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொல்லிவிட்டேன்.

அவள் டார்ச்சை அணைத்தாள். உள்ளே போய்விட்டாள். சாப்பாடு போட்டாள். கை கழுவிவிட்டு வந்தபோது பீரோவைத் திறந்து சேலைகளை எல்லாம் கட்டில்மேல் பரப்பியிருந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"ஒன்பது வருஷமா ஒவ்வொண்ணையும் கட்டிக்கிட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டிருக்கேன். நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. இப்பச் சொல்லுங்க. இதுல உங்க கண்ணுக்கு எது நல்லாத் தெரியுது?"

கட்டிலை ஒரு தடவை பார்த்தேன். என் கண்ணுக்கு எடுத்துத் தெரிகிற மாதிரி அதில் எதுவும் இல்லை. கதவோரத்தில் பழைய துணி மூட்டை இருந்தது, எவர்சில்வர் பாத்திரக்காரனுக்குப் போட வைத்திருந்தது. அதிலிருந்து ஒரு நூல் சேலையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. நீலம், மஞ்சள் கரை. அதைக் காட்டினேன். எடுப்பாக இல்லை என்று அவள் இரண்டு தடவைக்கு மேல் கட்டாத சேலை.

மூட்டையைப் பிரித்து அதை உருவி எடுத்தாள். உதறினாள். தோளில் போட்டுக்கொண்டு, டியூப் லைட்டுக்கு அடியில் போய் நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

மாசியில் குமரியிலிருந்து கோவாவுக்குப் போனபோது அவள் கொண்டுவந்தது நாலு சேலை. அதில் இந்த ஒன்றைத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்துக் கட்டினாள்.